வீட்டிலேயே துணிக்கு ஸ்கிரீன் அச்சு: முதல் பத்துத் தலையணை உறைகள்

மீள்குடியேறிய கிராமங்களில் நாம் நடத்தும் துணி அச்சுப் பட்டறைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது, "மெசின் எப்ப தருவியள்?" என்பதுதான். இந்த வேலைக்கு மெசின் தேவையில்லை. ஒரு மரச் சட்டம், அதில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணி, உருவம் வெட்டிய ஒரு தாள், ஒரு றப்பர் பட்டை, துணிக்குரிய மை, நன்றாகச் சூடேறும் ஓர் அயன்பெட்டி ஆகியவை போதும். இவற்றில் பாதியை வீடு கட்டி மிஞ்சிய பொருட்களிலிருந்தே எடுத்துவிடலாம்.

இரண்டு நாள் பட்டறையில் செய்து பழகுவதை வீட்டில் மறுபடி செய்து பார்ப்பதற்காக இந்தப் பாடம் எழுதப்பட்டது. பட்டறைக்கு வர முடியாதவர்களும் இதை வாசித்துத் தொடங்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பத்துத் தலையணை உறைகளைப் பதித்து, அவற்றை ஐந்து தடவை தோய்த்துப் பார்க்கும் வரை யாரிடமும் ஓடருக்குக் காசு வாங்க வேண்டாம். இதற்கென்று கடனும் எடுக்க வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

எமது ஆரம்பப் பட்டறைகளில் ஒன்றில், கடைசி பஸ்ஸைப் பிடிக்க எல்லோரும் அவசரப்பட்டார்கள். பதித்த உறைகளைத் தொட்டுப் பார்த்தால் காய்ந்திருந்தன. "வீட்டை போய் ஒருக்கால் அயன் பண்ணுங்கோ" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினோம். எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு, ஏன் என்று எதுவும் சொல்லவில்லை. அடுத்த கிழமை ஓர் அம்மா, மகளின் வெள்ளைப் பாடசாலைச் சீருடையைக் கையில் மடித்துக் கொண்டுவந்தார். உறையும் சீருடையும் ஒரே பேசினில் இரவு முழுக்க ஊறியிருக்கின்றன. சீருடையின் முன்பக்கம் நீலம். அரசாங்கம் வருடத்துக்கு ஒரு தடவை கொடுக்கும் துணியில் தைத்தது அது. அவர் ஏசவில்லை. "இதை எப்பிடித் தங்கச்சி போக்கிறது?" என்று மட்டும் கேட்டார். போக்க முடியவில்லை. புதுத் துணி வாங்கிக் கொடுத்தோம், ஆனால் பிள்ளைக்கு அந்தக் கிழமை பள்ளிக்கூடம் போனது போனதுதான்.

பிழை எங்களுடையது. அதன்பின் எமது பட்டறையின் அரைவாசி நேரம் அயன்பெட்டியோடுதான் போகிறது. இந்தப் பாடத்திலும் அப்படித்தான் இருக்கும்.

காய்வதும் பிடிப்பதும் ஒன்றல்ல

துணி அச்சு மையில் முக்கியமாக இரண்டு பொருட்கள் இருக்கின்றன. ஒன்று நிறத்தூள். மற்றது ‘பைண்டர்’ என்று கடையில் சொல்லும், பால் போன்ற ஒரு பசை. நிறத்தூளுக்குத் துணியோடு எந்த ஒட்டுறவும் இல்லை. அதைத் துணியில் பிடித்து வைப்பது பைண்டர் மட்டுமே.

முன்னர் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் மணலுக்குள் தோண்டியெடுத்த சாயவேர் இதற்கு நேர்மாறானது. அதன் சிவப்பு நூலுக்குள் இறங்கிப் பிடிக்கும். அந்த வேரை ஒல்லாந்தர் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார்கள் என்றால் அதன் பெறுமதியை யோசித்துப் பாருங்கள். இன்றைய அச்சு மை அப்படி உள்ளே இறங்குவதில்லை. நூலின் மேல் ஒரு மெல்லிய தோல் போல இருக்கும். வெயிலில் காயும்போது மையிலுள்ள தண்ணீர் போகிறது, அவ்வளவுதான். அந்தத் தோல் இறுகித் துணியைக் கவ்விக்கொள்ளச் சூடு வேண்டும். தொழிற்சாலைகளில் இதற்கு ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வெப்பத்தைச் சில நிமிடங்கள் கொடுக்கிறார்கள். வீட்டில் அதைக் கொடுக்கக்கூடியது பருத்திக்கு வைக்கும் சூட்டிலுள்ள அயன்பெட்டிதான்.

எனவே கையில் ஒட்டவில்லை என்பதை வைத்து வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம்.

சட்டம்

கூரைக்கு அடித்து மிஞ்சிய சிலாகை போதும். 2 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உள்ள, வளையாத, நன்கு காய்ந்த துண்டுகளாகத் தெரிந்தெடுங்கள். 19 அங்குல நீளத்தில் இரண்டும், 12 அங்குல நீளத்தில் இரண்டும் வெட்டுங்கள். சிலாகைகளைத் தட்டையாக வைத்து, குட்டைத் துண்டுகளை நெட்டைத் துண்டுகளுக்கு நடுவில் பொருத்தினால் உள்ளளவு 12 அங்குலத்துக்கு 15 அங்குலம் வரும். மூலைகளில் மரப்பசை பூசி, தகரத்தில் வெட்டிய ‘எல்’ வடிவத் துண்டுகளை ஆணி வைத்து அறையுங்கள். பின்னர் மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது. மேசையில் வைத்து நான்கு மூலையையும் அழுத்துங்கள். ஒரு மூலை ஆடினாலும் அச்சு அந்தப் பக்கம் மங்கலாகத்தான் விழும்.

மரம் இல்லையென்று தடி வெட்டப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். உங்கள் சொந்த வளவாக இருந்தாலும், மிதிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட இடம் என்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தாமல் போக வேண்டாம். சிவப்பு மண்டையோட்டுப் பலகையோ மஞ்சள் நாடாவோ உள்ள பக்கம் பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம். உடைந்த கதவொன்றின் நிலையையோ பழைய படச்சட்டத்தையோ கொண்டும் இந்த வேலையைச் செய்யலாம்.

வலைத்துணி

நகரத்திலுள்ள அச்சுப் பொருட் கடைகளில் ‘43 மெஷ்’ என்று கேட்டால் தருவார்கள். ஒரு சென்ரிமீற்றருக்கு 43 இழை என்பது அதன் பொருள். துணிக்கு இந்த அளவு பொருத்தமானது. இழை இதைவிட நெருங்கினால் மை போதிய அளவு இறங்காது. அது கிடைக்காவிட்டால் பொலியெஸ்ரர் திரைச்சீலைத் துணியில் வெறுமையான, பூவில்லாத வகையை எடுங்கள். வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஓட்டைகள் எல்லாம் ஒரே அளவுச் சதுரமாகத் தெரிய வேண்டும். பருத்தி வலை வேண்டாம். நனைந்ததும் தொய்ந்துவிடும்.

சட்டத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு நெட்டைப் பக்கத்தின் நடுவில் முதல் ஆணியை அடித்து, எதிர்ப்பக்கத்துக்கு இழுத்து நடுவில் அடுத்ததை அடியுங்கள். பிறகு மற்ற இரண்டு பக்கங்களின் நடுப்பகுதிகளில் அடித்துவிட்டு, நடுவிலிருந்து மூலைகளை நோக்கிச் செல்லுங்கள். மூலையிலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் விழும், பிறகு எவ்வளவு இழுத்தாலும் அது போகாது. கட்டி முடிந்ததும் விரலால் தட்டினால் பறைபோல ஒலி வரவேண்டும். இந்த வேலையைத் தனியே செய்வது கஷ்டம். ஒருவர் இழுக்க ஒருவர் அடிப்பதுதான் வசதி.

பின்னர் சவர்க்காரத் தூள் கலந்த தண்ணீரில் வலையைக் கழுவிக் காயவிடுங்கள். புது வலையிலும் கையெண்ணெய் இருக்கும். உள்பக்கத்தில் மரமும் வலையும் சேரும் விளிம்புகளில் அகலமான பழுப்பு ரேப்பை ஒட்டுங்கள். அந்த இடுக்கில் மை ஒழுகுவதை அது தடுக்கும்.

உருவம் வெட்டுதல்

அச்சடிக்காத பத்திரிகைத் தாள் சிறந்தது. அச்சகங்களில் வெட்டுத் துண்டுகள் கிடைக்கும். சட்டத்தின் வெளி அளவுக்கே தாளை வெட்டி, உருவத்தை நடுவில் 8 அங்குலத்துக்கு 9 அங்குலத்துக்கு மேற்படாமல் வரையுங்கள். சுற்றிவர விடும் இடம் மையைத் தேக்கி வைப்பதற்கானது. அதைச் சின்னதாக்கினால் மை உருவத்துக்குள் வழிந்துவிடும்.

முதல் உருவம் எளிமையாக இருக்கட்டும். பனையோலை, மாவிலை, ஒரு மீன், வாசலில் போடும் கோலத்தின் ஒரு துண்டு போன்றவை நல்லவை. மெல்லிய கோடுகளைத் தாள் தாங்காது. கோடு குறைந்தது தீக்குச்சி இரண்டின் அகலம் இருக்கட்டும். புது பிளேடால், கீழே மட்டையை வைத்து வெட்டுங்கள்.

எழுத்து வெட்டுபவர்கள் ஓரிடத்தில் தடுமாறுவார்கள். ‘ம’ வெட்டினால் உள்ளே இருக்கும் சிறு துண்டு கழன்று விழுந்துவிடும். ‘ண’விலும் அப்படியே. அந்தத் துண்டை எறியாதீர்கள். துணியின் மேல் தாளை விரித்து, கழன்ற துண்டை அதன் இடத்தில் வைத்து, மேலே சட்டத்தை இறக்கி முதல் தடவை மை இழுத்ததும், ஈர மையே அந்தத் துண்டை வலையில் ஒட்டிவிடும். பிறகு சட்டத்தைத் தூக்கினாலும் அது விழாது. பழைய காலத்து யப்பானிய அச்சுக்காரர்கள் இப்படிக் கழலும் துண்டுகளைப் பட்டு நூலாலும் தலைமயிராலும் கட்டி நிறுத்தினார்களாம். வலை கிடைத்த பின்னர் அந்தப் பாடு இல்லை. 1907இல் மான்செஸ்ரரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் என்பவர் பட்டுத்துணி கொண்டு அச்சிடும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். நாம் செய்வதும் அந்த வழியில் வந்த வேலைதான்.

மர அச்சில் எழுத்தைத் தலைமாறாக வெட்டுவார்கள். இதில் அப்படி இல்லை. மேலிருந்து பார்க்கும்போது எழுத்து நேராக வாசிக்க முடிந்தால் துணியிலும் நேராகவே விழும்.

ஒரு பத்திரிகைத் தாள் பத்து முதல் இருபது பதிப்புவரை நிற்கும், பிறகு ஊறிக் கிழியும். அதே உருவம் கூடுதலாகத் தேவையென்றால், பாடசாலைப் புத்தகங்களுக்கு உறைபோடும் ஒட்டுப் பொலித்தீனில் வெட்டி, வலையின் கீழ்ப்பக்கத்தில் ஒட்டுங்கள். அது அதிக நாள் நிற்கும்.

துணியும் மையும்

புதுத் துணியில் கஞ்சி இருக்கும். அது மைக்கும் நூலுக்கும் நடுவில் நின்றுவிடும். ஆகவே சுடுதண்ணீரில் தோய்த்து, காயவைத்து, அயன் பண்ணிய பிறகே பதியுங்கள். மென்மையாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம்.

துணி பருத்தியா என்று தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, குறட்டால் பிடித்துத் தீக்குச்சியில் கொளுத்துங்கள். பருத்தியானால் எரிந்த தாளின் மணம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பொலியெஸ்ரர் உருகிக் கறுத்த மணியாக இறுகும். இரண்டும் கலந்திருந்தால் கலப்புத் துணி. பருத்திக்கென்று விற்கும் மை பொலியெஸ்ரரில் சரியாகப் பிடிக்காது. அதோடு பருத்திச் சூட்டை அந்தத் துணி தாங்கவும் மாட்டாது. விளையாட்டுப் போட்டிக் காலத்தில் மலிவாக வரும் ரீ சேட்டுகளில் பல இந்த வகை. கவனம்.

மை வாங்கும்போது ‘தண்ணீரில் கரையும் துணி மை’ என்று கேளுங்கள். கடையில் ‘பிளாஸ்டிசோல்’ என்றொன்றும் இருக்கும். அது காற்றில் காயாது, அதிக சூடு வேண்டும், தண்ணீரில் கழுவவும் முடியாது. வீட்டுக்கு வேண்டாம். மை கட்டித் தயிர்போல இருக்க வேண்டும். கரண்டியைச் சரித்தால் உடனே ஓடக்கூடாது. ஓடினால் உருவத்தின் ஓரங்களில் கசியும். காசை மிச்சம் பிடிக்கத் தண்ணீர் ஊற்றிப் பெருக்காதீர்கள். தண்ணீர் கூடினால் பைண்டர் குறைகிறது என்று அர்த்தம், பிடிமானமும் அதோடு போகும். மெல்லிய நிறம் வேண்டுமென்றால் நிறத்தைக் குறைத்துப் பைண்டரைக் கூட்டுங்கள்.

மண்ணெண்ணெய் மணக்கும் மை என்றால் அடுப்படியில் வைத்துப் பதிக்க வேண்டாம். பதித்த துணியும் வெளியில் நன்றாக மணம் போகும் வரை காய்ந்த பின்னரே கரி அயன்பெட்டிக்குக் கிட்டக் கொண்டு வாருங்கள்.

பதித்தல்

மேசையில், மேசை இல்லாவிட்டால் சீமெந்து நிலத்தில், பழைய போர்வை ஒன்றை மடித்து விரித்து மேலே பொலித்தீனை இழுத்துக் கட்டுங்கள். அடியில் கொஞ்சம் மெத்தென்று இருந்தால் மை சீராக இறங்கும். உறைக்குள் ஒரு மட்டையைச் செருகுங்கள். இல்லாவிட்டால் மை ஊடுருவிப் பின்பக்கத்திலும் பதியும். இதைப் பட்டறையில் எத்தனை தடவை சொன்னாலும் ஒருவராவது மறந்துவிடுவார்.

துணி, அதன்மேல் வெட்டிய தாள், அதன்மேல் வலை கீழ்ப்பார்த்தபடி சட்டம் என்பதே ஒழுங்கு. சட்டத்தின் நான்கு மூலைகளின் கீழும் ஒவ்வொரு தீக்குச்சித் துண்டை ஒட்டிவிட்டால் வலை துணியிலிருந்து ஒரு மயிரிழை விலகி நிற்கும். றப்பர் பட்டை அழுத்தும் இடத்தில் மட்டும் தொட்டு உடனே எழும்பிவிடும். ஓரம் சுத்தமாக விழுவதன் இரகசியம் இதுதான்.

றப்பர் பட்டை உருவத்தைவிட அகலமாகவும் சட்டத்தின் உள்ளளவைவிடக் குறுகலாகவும், அதாவது 9 அல்லது 10 அங்குலமாக இருக்கட்டும். கடையில் ‘ஸ்குவீஜி’ என்று கேட்கலாம். நிலத்துத் தண்ணீர் வழிக்கும் தடியின் றப்பரை அளவாக வெட்டி இரண்டு பலகைத் துண்டுகளுக்கு நடுவில் இறுக்கினாலும் போதும். விளிம்பு நேராக இருப்பதே முக்கியம்.

சட்டத்தின் மேல் ஓரத்தில் மூன்று, நான்கு மேசைக்கரண்டி மையை வரிசையாக வையுங்கள். ஒருவர் சட்டத்தை அசையாமல் பிடிக்க, மற்றவர் பட்டையை உடம்புப் பக்கமாக ஏறத்தாழ 45 பாகை சரித்து, ஒரே அழுத்தத்தில், நிறுத்தாமல் இழுக்க வேண்டும். மெல்லிய துணிக்கு ஒரு இழுவை, தடித்த துணிக்கு இரண்டு. நடுவில் சட்டத்தைத் தூக்கிப் பார்க்கக்கூடாது. தூக்கிவிட்டு அதே இடத்தில் மறுபடி வைக்க யாராலும் முடியாது. தொடர்ந்து பல பதிப்பவர்கள் சட்டத்தின் ஒரு பக்கத்தைப் பிணைச்சல் போட்டுப் பலகையில் பொருத்திவிட்டால், ஒவ்வொரு உறையும் அதே இடத்தில் பதியும்.

முதல் இரண்டு, மூன்று பதிப்பு பழைய சாறத்துண்டில் போகட்டும். தாள் வலையில் ஒட்டி, கை பழகி, அழுத்தம் பிடிபட அவ்வளவு வேண்டும்.

வன்னி வெயிலில் வரும் பெரிய தொல்லை, மை வலைக்குள்ளேயே காய்ந்து ஓட்டைகளை அடைப்பது. நாலைந்து பதிப்புக்குப் பிறகு உருவத்தின் நடுவில் மங்கலான புள்ளிகள் தெரிந்தால் அதுதான் காரணம். இன்னும் அழுத்தி இழுத்தால் சரியாகாது. காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடித்துவிடுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் தறப்பாள் கொட்டிலுக்குள் பதிப்பதென்றால், காற்று வரும் பக்கத்தை ஈரச் சாக்கால் மறையுங்கள். புழுதியும் குறையும். ஒரு துணிக்கும் அடுத்ததற்கும் இடையில், சட்டத்தைச் சற்றுத் தூக்கியபடி மையை அழுத்தாமல் வலை மேல் மெல்லப் பரப்பி விடுங்கள். அந்த ஈரப்படலம் ஓட்டைகளைக் காயாமல் வைத்திருக்கும். சாப்பிடப் போகவேண்டும் என்றால் கழுவிவிட்டுத்தான் போகவேண்டும். ஒரு வலை அடைபட்டால் ஒரு வலையின் காசு போனது போலத்தான்.

அயன் பண்ணுதல்

பதித்த உறைகளை ஒன்றின்மேல் ஒன்று வைக்காமல் கொடியில் போட்டு ஒரு முழு நாள் காயவிடுங்கள். மாரி காலத்தில் இரண்டு நாள். ஈரம் இருக்கும்போது அயன் வைத்தால் சூடு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும், பைண்டர் இறுகாது.

மின்சாரம் இருந்தால் பருத்திச் சூட்டில், நீராவி இல்லாமல் வையுங்கள். மின்சாரம் வராத வீடுகளில் சிரட்டைக்கரி போட்ட அயன்பெட்டி நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். கரி முழுவதும் கனன்று, புகை நின்ற பின்னரே தொடங்குங்கள். சாம்பல் விழுந்து வெள்ளை உறையைக் கறையாக்காமல் இருக்க, அச்சின்மேல் ஒரு மெல்லிய பழைய பருத்தித் துணியைப் போடுங்கள். சூடு போதுமா என்று அறிய, அதே வகைத் துணியின் கழிவுத் துண்டில் பெட்டியை அசைக்காமல் எண்ணிப் பத்து வரை வையுங்கள். இளம் பழுப்பு ஏறினால் சூடு கூடிவிட்டது. தண்ணீர் தெளித்தால் சத்தமே இல்லாமல் மெல்லக் காய்ந்தால் போதாது.

உருவத்தை ஒரு பெட்டி அகலத்துக்கு ஒரு பெட்டி அகலமாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று முதல் ஐந்து நிமிடம் பெட்டியை மெல்ல அசைத்தபடி கொடுங்கள். பிறகு உறையை உள்வெளியாகத் திருப்பிப் பின்பக்கமும் அதே அளவு. நிமிடத்தை மனதால் கணிக்க வேண்டாம். மணிக்கூடு அல்லது கைத்தொலைபேசி பாருங்கள். ஐந்து நிமிடம் என்று நினைத்து ஒன்றரை நிமிடத்தில் நிறுத்தாத ஆளை இதுவரை நாங்கள் காணவில்லை, எங்களையும் சேர்த்து.

அதன்பின் மூன்று நாள் தோய்க்காமல் வையுங்கள். பிறகு சோதனை. ஒவ்வொரு தடவை பதிக்கும்போதும் அதே துணியில், அதே மையில் இரண்டு சிறு துண்டுகளையும் பதித்து, உறைகளோடு சேர்த்தே அயன் பண்ணுங்கள். ஒன்றை எடுத்து வையுங்கள். மற்றதை வழமையான சவர்க்காரத்தால், கல்லில் அடிக்காமல் கையால் கசக்கி, ஐந்து தடவை தோய்த்துக் காயவையுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னர் தோய்த்த துண்டை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் தொகுதியை விற்க வேண்டாம். எல்லாவற்றையும் மறுபடி அயன் பண்ணி மறுபடி சோதியுங்கள். அந்தச் சீருடை நடந்திராவிட்டால் இதை இவ்வளவு இறுக்கமாக எழுதியிருக்க மாட்டோம்.

கிணற்றடியில் கழுவ வேண்டாம்

மிஞ்சிய மையை மட்டையால் வழித்துப் போத்தலில் இடுங்கள். சட்டத்திலும் பட்டையிலும் ஒட்டியிருப்பதைப் பழைய தாளால் துடைத்தெடுங்கள். அதன்பிறகு ஒரு பேசினில் கொஞ்சத் தண்ணீரில் ஸ்பொஞ்சால் கழுவினால் கழிவுநீர் மிகக் குறைவாகவே வரும். அதைக் கிணற்றிலிருந்து எட்டவுள்ள, வெயில் படும் மேட்டு நிலத்தில் ஊற்றுங்கள். குடாநாட்டில் இது இன்னும் முக்கியம். அங்கே நிலத்தடியில் இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது வடிகட்டப்படாமலேயே கிணற்றுக்குப் போய்விடலாம். பல குடும்பங்கள் ஒரே கிணற்றைப் பாவிக்கும் இடத்தில் இந்தத் தொழிலால் ஒரு சண்டை வரவேண்டாம்.

வெளிச்சம் பட்டு இறுகும் ‘எமல்சன்’ பூசிப் படங்களையும் சிறு எழுத்துகளையும் பதிக்கும் முறையும் உண்டு. அதைப் பட்டறையில் நாம் கற்பிப்பதில்லை. மலிவு வகைகளில் கலக்கும் செம்மஞ்சள் உப்பு, அதாவது பொற்றாசியம் இருகுரோமேற்று அல்லது அமோனியம் இருகுரோமேற்று, தோலைப் புண்ணாக்கும், புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியது. பிள்ளைகள் நடமாடும் ஒற்றை அறை வீட்டில் அதற்கு இடமில்லை. யாராவது கொண்டுவந்து தந்தாலும் வாங்க வேண்டாம்.

கணக்கு

பின்வரும் தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கு மட்டுமே. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். பத்து உறைகளுக்குத் துணியும் தையற்கூலியும் 2000 ரூபா, மை 300, தாள், ரேப், கரி 100, சாமான் வாங்கப் போய்வந்த பஸ் காசு 200. மொத்தம் 2600. பத்தால் பிரித்து ஓர் உறைக்கு 260 ரூபா முடிந்தது என்று எழுதுவார்கள். ஆனால் பத்தில் இரண்டு மை கசிந்து பழுதாகியிருந்தால் விற்கக்கூடியது எட்டு. 2600ஐ எட்டால் பிரித்தால் 325. 300 ரூபாவுக்கு விற்றவர் ஒவ்வொரு உறைக்கும் 25 ரூபா கையிலிருந்து கொடுக்கிறார். அவருடைய இரண்டு நாள் கூலி இதில் இன்னும் சேரவேயில்லை. பழுதானவற்றை ஒளிக்காமல் கொப்பியில் எழுதுங்கள். அந்த எண் எட்டிலிருந்து ஒன்பதாகும்போதுதான் ஓடர் எடுக்கலாமா என்று யோசிக்க வேண்டும்.

ஓடர் வரும் காலங்கள் ஊருக்குத் தெரிந்தவைதான். வருடத் தொடக்கத்தில் பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழா, வாசிகசாலை ஆண்டுவிழா. நூறு ரீ சேட் என்று ஒருவர் வந்து கேட்டால் ஆசை வரும். முற்பணம் இல்லாமல், துணியைப் பார்க்காமல், மாதிரி ஒன்றைத் தோய்த்துக் காட்டாமல் ஏற்க வேண்டாம். அந்த ஓடரை நம்பி நுண்கடன் எடுத்துக் கிழமைத் தவணை கட்டத் தொடங்கியவர்களின் நிலை உங்களில் பலருக்குத் தெரிந்ததே. இரண்டு, மூன்று குடும்பங்கள் சேர்ந்து, சட்டங்களையும் மையையும் பொதுவில் வைத்து, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஊடாகச் செய்வது நல்லது. பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் உங்கள் மாதிரிகளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கண்காட்சியோ விற்பனைக் கூடமோ நடக்கும்போது யாரைக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டறைக்கு வரும்போது

தோய்த்து அயன் பண்ணிய வெள்ளை அல்லது இளநிறப் பருத்தித் தலையணை உறைகள் இரண்டு, பழைய சாறத் துண்டு ஒன்று, புது பிளேடு ஒன்று, வீட்டில் கரி அயன்பெட்டி இருந்தால் அது. சட்டம், வலை, மை எம்மிடம் உள்ளன. முதல் நாள் பதிப்பதை அன்றே கொடுத்தனுப்ப மாட்டோம். அடுத்த நாள் நீங்களே அயன் பண்ணி, மூன்று நாள் பொறுத்துத் தோய்த்துப் பார்க்க வேண்டிய சோதனைத் துண்டோடு கொண்டுபோகலாம். கைக்குழந்தையோடு வருபவர்கள் யோசிக்க வேண்டாம், மண்டபத்தின் பின் விறாந்தையில் ஏணை கட்ட இடம் உண்டு. பஸ் நேரத்தைப் பார்த்து மாலை மூன்று மணிக்கு வேலையை நிறுத்துவோம்.